செம்புக் குழாயும் கராஜ் வாலையும்



சென்ற இதழுக்குப் பின் எமக்குக் கிடைத்த கேள்விகளுள் ஒன்று முதலில் சிரிப்பை வரவழைத்தது. யோசிக்க யோசிக்க அது பாரதூரமான கேள்வியாகத் தெரிந்தது. பிளானோவில் குடியேறி ஓராண்டுகூட நிறையாத அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "இங்கே செம்புக் குழாய், கொதிகலன், வெப்பமானி எல்லாம் ஒரு பெட்டியாகப் போட்டு வெளிப்படையாக விற்கிறார்கள். வேலைத்தலத்து நண்பர் ஒருவர் கராஜில் ஆறடி உயரத்தில் ஒன்று செய்து நிறுத்தியிருக்கிறார். வார இறுதிப் பொழுதுபோக்காக நாமும் ஒன்று செய்யலாமா?"

பாதிக்கு ஆம், பாதிக்குக் கண்டிப்பாக இல்லை என்பதே எமது பதில். எந்தப் பாதி எது என்பதைத்தான் இம்முறை எழுதுகிறோம்.

வடித்தல் நமக்குப் புதிய வித்தை அல்ல. வடமராட்சியில் திக்கம் வடிசாலையைத் தெரியாதவர் இரார். பனங்கள் இறக்கியவர்களின் கூட்டுறவுச் சங்கங்களும் பனஞ்சாராயமும் அந்தப் பகுதியின் பொருளாதாரத்தோடு கலந்தவை. பற்றைக்குள் தகரப் பீப்பாய் வைத்து இரவோடிரவாகக் காய்ச்சிய கசிப்பையும் அதனால் கெட்ட குடும்பங்களையும் நாம் அறிவோம். ஆனால் வாலை என்ற சொல் சாராயத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. சித்த வைத்தியத்தில் சொல்லப்படும் 32 அக மருந்துகளில் தீநீர் ஒன்று. ஓமம், சோம்பு முதலிய சரக்குகளை நீரோடு வாலையிலிட்டு எரித்து, ஆவியைக் குளிரவைத்து இறக்குவது அது. நமது பாட்டிமார் வயிற்றுவலிக்குத் தந்த ஓமத் தீநீர் அப்படி வந்ததே. வட இந்தியாவில் கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் இன்றும் செம்பு அண்டாவின் வாயைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு செம்புக் குடத்துக்குள் செலுத்தி வெட்டிவேர் அத்தரும் ரோஜா அத்தரும் எடுக்கிறார்கள். இலங்கையின் தென்கரையோரத்தில் கறுவா இலை எண்ணெயும் சித்திரநெல் எண்ணெய் என்னும் புல்லெண்ணெயும் இதே முறையில்தான் வடிக்கப்படுகின்றன. ஆகவே செம்பு வாலையைக் கண்டு ஆசைப்படுவதில் குற்றமில்லை.

இனி அந்த நண்பரின் கராஜில் நிற்கும் ஆறடிக் குழாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மதுசாரம் 78 பாகைக்குச் சற்று மேலே கொதிக்கும். இரண்டும் கலந்த நீரைச் சாதாரணப் பானையில் வைத்துக் காய்ச்சினால் ஆவியில் மதுசாரம் கூடுதலாக இருக்கும், ஆனால் தண்ணீரும் கூடவே வரும். அதைக் குளிரவைத்து மறுபடி காய்ச்சினால் இன்னும் செறியும். மறுபடியும் காய்ச்சினால் மேலும் செறியும். உயரமான குழாய் இந்த வேலையைத் திரும்பத் திரும்ப ஒரே தடவையில் செய்கிறது. குழாயின் உச்சியில் ஒரு குளிரூட்டி, உள்ளே சுருட்டிய செம்புக் கம்பிவலை அல்லது செம்புத் தும்பு. மேலே ஏறும் ஆவியில் ஒரு பகுதி குளிர்ந்து திரவமாகிக் கீழே வடியும். வடிகிற திரவமும் ஏறுகிற ஆவியும் அந்தத் தும்பின் மேல் சந்திக்கும் ஒவ்வோரிடமும் ஒரு சின்னக் காய்ச்சல் மாதிரி. அதனால் உச்சிக்குப் போகப்போக மதுசாரம் கூடும், தண்ணீர் குறையும். எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் நிறையில் சுமார் 95.6 வீதத்துக்கு மேல் சாதாரணக் காய்ச்சலால் போக முடியாது. அந்த அளவில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும்.

செம்பு ஏன்? வெப்பத்தை அது கடத்தும் வேகம் கறைபடா உருக்கைவிட இருபது மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நொதித்த சரக்கில் அழுகிய முட்டை போல் நாறும் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். அவை செம்போடு சேர்ந்து அதிலேயே தங்கிவிடும், வடியும் நீர் நாறாது. பெரிய வடிசாலைகள் இவ்வளவு விலை கொடுத்துச் செம்பை வாங்குவது அழகுக்காக மட்டும் அல்ல.

மேலே சொன்னதை வாசித்தவருக்கு ஒன்று விளங்கியிருக்கும். உயரமான, உள்ளே தும்பு அடைத்த குழாய் மதுசாரத்தைப் பிரிக்கவே பிறந்தது. தண்ணீர் வடிக்க அது தேவையில்லை. ஓம எண்ணெய் எடுக்கவும் தேவையில்லை. எண்ணெய்க்கு அது இடைஞ்சல்கூட, ஏனெனில் சொற்ப எண்ணெய் வரும் வழியிலேயே தும்பில் ஒட்டிக்கொள்ளும். ஆக, அப்படியொன்று ஒருவர் வீட்டில் நின்றால் அது எதற்கென்று யாரும் ஊகிக்கலாம். அதிகாரிகளும் ஊகிப்பார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் வீட்டில் சொந்தப் பாவனைக்கு வைனும் பியரும் செய்யலாம். கூட்டாட்சிச் சட்டப்படி வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கலன். விற்கக் கூடாது. "பியர் செய்யலாம் என்றால் சாராயமும் செய்யலாம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நொதிக்க வைப்பது ஒன்று, வடிப்பது வேறொன்று. மதுசாரம் வடிப்பதற்கு அனுமதி பெற்ற வடிசாலை வேண்டும். அந்த வடிசாலை குடியிருக்கும் வீட்டிலோ, வீட்டோடு சேர்ந்த கொட்டிலிலோ, முற்றத்திலோ இருக்கக் கூடாது என்று 1868ஆம் ஆண்டில் வந்த சட்டம் சொல்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 டொலர் வரை அபராதம். கருவியும், சில வேளை அது நின்ற காணியுமே பறிமுதலாகலாம். "நான் விற்கவில்லை, நான் மட்டும்தான் குடித்தேன்" என்பது அந்தச் சட்டத்தில் விலக்கு அல்ல.

வாலையைச் சொந்தமாக வைத்திருப்பதைக் கூட்டாட்சிப் பணியகம் தடுப்பதில்லை. தண்ணீர் வடிக்கலாம், வாசனை எண்ணெய் எடுக்கலாம், அழகுக்கு வைத்திருக்கலாம். ஆகவேதான் கடைகளில் பகிரங்கமாக விற்கிறார்கள். ஆனால் வாலை விற்பவரிடம் வாங்கியவர்களின் பெயர், முகவரியைக் கேட்டுப் பெறவும் அந்தப் பணியகத்துக்கு அதிகாரம் உண்டு. ரெக்ஸாஸ் மாநிலத்தின் மதுபானச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், அனுமதியற்ற மது செய்யக்கூடிய கருவியை வைத்திருப்பதையே தடுக்கும் வாசகத்தைக் கொண்டிருக்கிறது. கடையில் ஒரு பொருள் விற்பனைக்கு இருப்பதை வைத்து அதனால் எதையும் செய்யலாம் என்று முடிவு கட்டக் கூடாது. வேறு பல விடயங்களிலும் நமது ஆட்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

"ஃபோர்ட் வேர்த்தில் ஒரு வழக்கு வென்றுவிட்டதாமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பொழுதுபோக்காக வடிக்க விரும்புவோரின் சங்கமொன்று 2023 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூலை 10ஆம் திகதி ஃபோர்ட் வேர்த் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி மார்க் பிட்மன், சொந்தப் பாவனைக்கு வீட்டில் வடிப்பதைத் தடுக்க அரசியலமைப்பு கொங்கிரசுக்கு அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் தடையுத்தரவு வழக்காளிகளுக்கு மட்டுமே உரியது. அரசு மேல்முறையீடு செய்தது. இன்னொன்றும் உண்டு. ஃபோர்ட் வேர்த் நீதிமன்றம் ரெக்ஸாஸின் வடக்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. பிளானோ இருக்கும் கொலின் கவுண்டியோ கிழக்கு மாவட்டத்தில் வருகிறது. ஐம்பது மைல் தூரம்தான், ஆனால் நீதிமன்றக் கணக்கில் வேறு ஊர். கூட்டாட்சித் தடை முழுதாக நீங்கினாலும் மாநிலச் சட்டம் தனியாக நிற்கும். எனவே தேநீர்க் கடையில் கேட்ட வழக்குச் செய்தியை நம்பி அடுப்பு மூட்ட வேண்டாம். அன்றைய நிலை என்னவென்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இந்நாட்டில் பிறந்தவருக்கு இது அபராதமும் வழக்குச் செலவுமாகப் போகலாம். நமக்கு அப்படியல்ல. அகதியாக வந்தவர் ஓராண்டுக்குப் பின் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறார். வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கணக்கில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், கைதானீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. கைதாகாமலே ஏதேனும் குற்றம் செய்ததுண்டா என்றும் கேட்கிறார்கள். வடித்துவிட்டு "இல்லை" என்று எழுதினால் அது பொய்ச் சத்தியம். "ஆம்" என்று எழுதினால் நன்னடத்தை கேள்விக்குள்ளாகும். ஐந்தாண்டு காத்திருந்த குடும்பத்தின் கோப்பு, ஒரு போத்தல் சாராயத்துக்காக மேசையில் தேங்கலாம். பின்னால் வர இருக்கும் தாய் தந்தையரின் விண்ணப்பமும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் யாராவது இருந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜென்டிடம் அல்ல.

வடிக்கும் கலையை முறையாகவே தொழிலாக்க விரும்புவோருக்கு வழி இல்லாமல் இல்லை. ரெக்ஸாஸின் முதலாவது சட்டபூர்வ வடிசாலை எனச் சொல்லப்படும் ரீற்றோஸ், ஒஸ்ரினில் 1990களில் ஒரு தனி மனிதர் தன் கையாலேயே வாலை செய்து தொடங்கியது. நமக்குத் தெற்கே வேக்கோ நகரில் 2008இல் தொடங்கிய பால்கோனஸ் வடிசாலையும் ஒரு பாலத்தின் கீழ் இருந்த பழைய ஒட்டுப்பட்டறையில், தாமே செய்த செம்பு வாலைகளோடு பிறந்தது. 2022இல் அதை டியாஜியோ என்ற உலகப் பெரு நிறுவனம் வாங்கியது. இருவரும் அனுமதிப்பத்திரம் எடுத்தே வடித்தார்கள். எரிபொருளுக்காக மதுசாரம் வடிப்போருக்கும் கூட்டாட்சி அனுமதி ஒன்று கட்டணமின்றி உண்டு. ஆனால் அதில் ஒரு துளி குடித்தாலும் அனுமதி போய்விடும். பொழுதுபோக்குக்கு அது உதவாது என்பதே எமது அபிப்பிராயம்.

நஞ்சைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே கொன்றது மெதனோல். கள்ளையோ சீனிப்பாணியையோ நொதிக்கவைத்து வடித்தால் அந்த அளவு மெதனோல் வருவதில்லை. தொழிற்சாலை மெதனோலை யாரோ மலிவுக்காகச் சாராயத்தில் கலப்பதால்தான் இத்தகைய சாவுகள் நிகழ்கின்றன. உடலுக்குள் அது போர்மிக் அமிலமாகி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை பனி மூடினாற் போல் வெளிறினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போனால் மாற்று மருந்து இருக்கிறது, இரத்தச் சுத்திகரிப்பும் இருக்கிறது. அமெரிக்கா முழுவதற்குமான நஞ்சுத் தகவல் எண் 1-800-222-1222. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆகவே யாரோ ஒருவர் பார்ட்டிக்குக் கொண்டுவரும் பெயரில்லாப் போத்தலை, அவர் எவ்வளவு நெருங்கிய ஊரவரானாலும், தொடாமல் விடுவது நல்லது.

இனி "ஆம்" என்ற பாதி.

நாம் சிபாரிசு செய்வது குட்டைக் கழுத்து வாலை. தண்ணீரும் தீநீரும் இறக்குவதற்கு. பெரும்பாலான புதுக் குடும்பங்கள் அப்பார்ட்மென்டில் இருப்பதால் கராஜே கிடையாது. பால்கனியில் நெருப்பு மூட்ட ஒப்பந்தம் இடம் தராது. குசினி அடுப்பும் இட்லிக் கொப்பரையும் போதும். ஊரில் மூன்று பானையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செய்ததை அதே தத்துவத்தில் இங்கே ஒரு பாத்திரத்தில் செய்யலாம்.

100 கிராம் ஓமத்தை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசித்து, இரண்டு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். மறுநாள் கொப்பரையில் ஊற்றி, நடுவில் ஒரு முக்காலியோ கல்லோ வைத்து, அதன்மேல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி ஒரு சில்வர்க் கிண்ணத்தை வையுங்கள். மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்தை நோக்கித் தொங்கும்படி மூடுங்கள். குழிந்த மேற்புறத்தில் ஐஸ் கட்டிகளை நிரப்புங்கள். மெல்லிய சூட்டில் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருக உருகத் தண்ணீரை ஒற்றியெடுத்துப் புது ஐஸ் போட வேண்டும். ஊற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் வற்றவிடக் கூடாது, ஓமம் அடிப்பிடித்தால் தீய்ந்த மணம் ஏறிவிடும்.

100 பாகைக்கு வெகு மேலே கொதிக்கும் எண்ணெய் எப்படி நீராவியோடு வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால்: தண்ணீரும் எண்ணெயும் கலவாதவை, இரண்டும் தனித்தனியே ஆவி அழுத்தம் தரும். இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்தை எட்டினால் போதும், கொதி வந்துவிடும். அது 100க்குச் சற்றுக் கீழேயே நடக்கும். பாடசாலையில் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் இதை எடுத்துச் செல்லலாம். நல்ல தலைப்பு.

செம்பிலேயே செய்ய ஆசை இருப்பவர்கள், கராஜ் உள்ளவர்கள், சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஹோம் டிப்போவில் கிடைக்கும் கடினச் செம்புக் குழாயில் நிற எழுத்து இருக்கும்: சிவப்பு மெல்லியது, நீலம் நடுத்தரம், பச்சை தடித்தது. நீலம் போதும். ஒட்டுக்கு "காரீயம் அற்றது" என்று எழுதிய ஒட்டீயமே வாங்க வேண்டும். நமது மொழியில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ஊரில் பாத்திரத்துக்குப் பூசியது வெள்ளீயம், நஞ்சு காரீயம். குடிநீர்க் குழாய்களுக்குக் காரீய ஒட்டை அமெரிக்கா 1986இலேயே தடைசெய்துவிட்டது, ஆனால் மின்சார வேலைக்கான காரீய ஒட்டு அதே கடையில் அடுத்த தட்டில் கிடக்கும். பழைய கார் ரேடியேட்டரைக் குளிரூட்டியாக வைப்பவர்களும் உண்டு. அதன் ஒட்டுகளில் இருந்த காரீயத்தால் இந்நாட்டின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் குடித்தோர் பலர் நோய்ப்பட்டிருக்கிறார்கள்.

கொதிகலனிலிருந்து சொட்டும் வாய் வரை எந்த இடத்திலும் அடைப்போ வால்வோ இருக்கக் கூடாது. வழி மூடினால் அது குண்டு. செய்து முடித்ததும் முதலில் வினாகிரி கலந்த தண்ணீரையும், பின் வெறுந் தண்ணீரையும் ஓட்டி, இறங்கியதை எல்லாம் கொட்டிவிடுங்கள். பச்சைக் களிம்பு பிடித்தால் புளியும் உப்பும் போட்டுத் துலக்குங்கள், அம்மாமார் செம்புக் குடத்துக்குச் செய்தது போல. கராஜில் எரிவாயுச் சுடுநீர்க் கொதிகலன் இருக்கும் வீடுகளில் மதுசாரம், பெற்றோல் போன்ற எந்த ஆவியும் ஆபத்து. அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து போய்ச் சுடரைத் தொடும். ஜூலை, ஓகஸ்டில் இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால் குளிரூட்டல் சரியாக நடக்காது. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களே தோதானவை.

வெறும் தண்ணீர் வடிக்க ஆசைப்படுவோருக்கு ஒரு கணக்கு. ஒரு கலன் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 3 அலகு மின்சாரம் செலவாகும். கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கலன் ஒன்றிரண்டு டொலர்தான். சிரமத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய இலாபம் இல்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதமளவில் பிளானோவுக்கு நீர் வழங்கும் வட ரெக்ஸாஸ் நீர் மாவட்டம் கிருமிநீக்க முறையைத் தற்காலிகமாக மாற்றுவதால் குழாயில் குளோரின் மணம் தூக்கலாக இருக்கும். அதற்காக வடிக்கத் தேவையில்லை, ஒரு குடத்தில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைத்தாலே குறையும்.

இறக்கிய ஓமத் தீநீரை மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, திகதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேலே மெல்லிய படலமாக மிதப்பது ஓம எண்ணெய். அது கடுங்காரம், அதை எடுத்துவிட்டுத் தெளிந்த நீரையே பாவிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பிள்ளை வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம், ஊரில் கொடுத்தோம் என்பது அவருக்குச் சொல்லவேண்டிய தகவல் மட்டுமே. கிராம்பிலும் இப்படி எடுக்கலாமா என்று கேட்டிருந்த சகோதரிக்கு: எடுக்கலாம், ஓமத்தைவிடப் பல மடங்கு எண்ணெய் கிடைக்கும். ஆனால் கிராம்பெண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, மேலே தேடாமல் கிண்ணத்தின் அடியில் தேடுங்கள்.